கியர் மட்டும் நான் போட்டேன்

போன வாரம் புனேயில், ஔந்துப் பக்கம் ஒரு மேம்பாலத்து ஏற்றத்தில் மாட்டிக்கொண்டேன். வண்டிகள் ஓரடி நகர்வதும் நிற்பதுமாக இருந்தன. எனக்கு முன்னால் ஒரு கறுப்புக் கார். பின்கண்ணாடியில் வெள்ளை எழுத்தில், ஆங்கிலத்தில், ஒரு ஸ்டிக்கர். நம் மொழியில் சொன்னால், ‘அசல் ஆம்பளைக்கு மூணு பெடல்.’ அதாவது கிளட்ச் வைத்த வண்டியை ஓட்டுகிறவன்தான் ஆண். என்னைப் போல ஆட்டோமேட்டிக் வண்டியில் இரண்டு பெடலோடு உட்கார்ந்திருப்பவர்கள் வேறு ஏதோ ஜாதி. இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே ஜன்னல் வழியாக அந்த நெடி வந்தது. தேங்காய் நாரையும் பழைய செருப்பையும் சேர்த்துக் கொளுத்தினால் வருமே, அது மாதிரி. கிளட்ச் கருகுகிற நெடி. அந்த மூன்று பெடல்காரர் பிரேக்கை மிதித்து நிற்காமல், கிளட்சைப் பாதியில் பிடித்து வண்டியை ஏற்றத்தில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.  இத்தனை வருஷம் ஆகியும் அந்த நெடி மூக்கில் ஏறினால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். ஏன் என்று உங்களிடம் சொல்கிறேன். கொஞ்சம் சுற்றித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கியர் அறிமுகமானது காரில் இல்லை, ஸ்கூட்டரில். அப்பா கட்கியில் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டர். ஊர் ஆம்பூர்ப் பக்கம். நாங்கள் விஷ்ராந்த்வாடியில் குடியிருந்தோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்பாவிடம் ஒரு பச்சை நிற ஸ்கூட்டர் இருந்தது. இப்போது வருகிற பொம்மை வண்டி இல்லை. தகர உடம்பு, பக்கவாட்டில் வீங்கின வயிறு, இடது கைப்பிடியிலேயே கியர். கிளட்சை விரலால் அழுத்திக்கொண்டு மணிக்கட்டை மேலே திருப்பினால் முதல் கியர். கீழே திருப்பத் திருப்ப மற்றவை. மழைக்காலத்துக் காலையில் கிளம்பாது. ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்து, கொஞ்ச நேரம் அதன் காதில் ஏதோ ரகசியம் சொல்வதுபோல நின்று, நிமிர்த்தி, உதைக்க வேண்டும். பெட்ரோலில் ஆயில் கலந்த வாசனை துப்பட்டாவில் ஏறினால் இரண்டு துவைப்புக்குப் போகாது.

அப்பா பெண் விடுதலைக்காரர் எல்லாம் இல்லை. அவருக்கு ஷிஃப்ட் வேலை, தம்பி சின்னவன், அம்மாவை ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் அழைத்துப் போக ஓர் ஆள் வேண்டும். வீட்டில் இருந்த ஆள் நான். அதனால் கற்றுக்கொடுத்தார். அவர் கொடுத்த ஒரே அறிவுரை இதுதான்: “பாத்துக்கினு ஓட்டு. கிளட்ச் கம்பி அறுந்துதுன்னா நீதான் தள்ளிக்கினு வரணும்.” ஒருமுறை அறுந்தது. ஏரவாடாவிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தேன். யாரும் அதை வீரம் என்று சொல்லவில்லை, அவமானம் என்றும் சொல்லவில்லை. வண்டி என்றால் அப்படித்தான்.

கல்லூரிக்கும் அதிலேயே போனேன். புனே பெண்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, முகத்தைச் சுற்றித் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு ஊர் முழுக்க இரண்டு சக்கரத்தில் பறந்தவர்கள். ஆனால் நான் படித்து முடிப்பதற்குள் ஒரு மாற்றம் நடந்தது. கியர் இல்லாத சின்ன வண்டிகள் ரோஜா நிறத்திலும் வான நிறத்திலும் தெருவெல்லாம் வந்தன. விளம்பரப் பலகைகளில் பெண்கள் அதில் உட்கார்ந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து ஒரு கோடு விழுந்துவிட்டது. கியர் இருந்தால் பையன்கள் வண்டி, இல்லாவிட்டால் பெண்கள் வண்டி. நேற்றுவரை நான் ஓட்டிக்கொண்டிருந்த அதே ஸ்கூட்டரை இன்று கல்லூரி வாசலில் நான் உதைத்தால் பையன்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவன் கிட்டே வந்து, தான் கிளப்பித் தரட்டுமா என்று கேட்பான். பக்கத்து வீட்டுக்காரர், வேலூர்க்காரர்தான், அப்பாவிடம் சொன்னார்: “இன்னாப்பா, பொண்ணுக்கு அந்த கியர் இல்லாத வண்டி ஒண்ணு வாங்கிக் குடேன். பாக்க நல்லாவா கீது?” எனக்குக் கியர் வராது என்று யாரும் சோதித்துப் பார்த்து முடிவு கட்டவில்லை. விற்க ஒரு வண்டி வந்தது, அதற்கு ஏற்ப எனக்கு ஓர் இயலாமை கண்டுபிடிக்கப்பட்டது. அவ்வளவுதான்.

அந்த வயதில் கோபப்படத் தெரியவில்லை. எனக்கே அந்த வான நிறம் பிடித்திருந்தது என்பது வேறு விஷயம்.

தொண்ணூறுகளின் கடைசியில் கல்யாணம். மாப்பிள்ளை கோயம்புத்தூர், மென்பொருள் வேலைக்காகப் புனே வந்தவர். நான் ஒரு மருந்துக் கம்பெனியில் பரிசோதனைக் கூடத்தில் இருந்தேன். பெண் பார்க்க வந்தபோது மாமியார், பொண்ணு வண்டி எல்லாம் ஓட்டுமா என்று கேட்டார். அம்மா அவசரமாக, “சும்மா, பக்கத்துக் கடைக்குப் போவா, அவ்ளோதான்” என்றார். நான் பஜ்ஜித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். கடை பக்கத்தில் இல்லை என்று சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. இதை நான் அடிக்கடி சொல்வதால் நீங்கள் சந்தேகப்படலாம். காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தருவார். என் சம்பளத்தைக் கேட்டதில்லை. என்னுடைய தமிழில் பாதி மராட்டி, பாதி இந்தி என்று கிண்டல் செய்வார், அதுவும் உண்மைதான். ஆனால் கார் என்று வந்தால் வேறு ஆள் ஆகிவிடுவார். அவர் குடும்பத்திலேயே முதல் கார் அது. சின்னது, வெள்ளை. ஔந்தில் எங்கள் குடியிருப்பில் ஞாயிறு காலை ஆண்கள் எல்லாரும் கீழே இறங்கி வண்டி கழுவுவார்கள். கழுவுவது கொஞ்சம், பேசுவது நிறைய. கண்டாலா மலைப்பாதையில் எந்தக் கியரில் ஏறினேன், லாரியை எந்த வளைவில் முந்தினேன், கியரை இறக்கினதும் வண்டி எப்படிச் சீறினது. வாளித் தண்ணீர் கொண்டுபோகிற நாங்கள் படிக்கட்டில் நின்று கேட்போம். ஒவ்வொருவரும் பேசும்போது இடது கை தானாகக் காற்றில் ஒரு கியர்க் குமிழைப் பிடித்து முன்னும் பின்னும் அசையும். இஞ்சின் செய்கிற வேலையைத் தன் தசை செய்ததாக நினைத்துக்கொள்ள ஒரு கம்பி தேவைப்படுகிறது போலிருக்கிறது. ஸ்டியரிங்கை எல்லாரும்தான் பிடிக்கிறார்கள். அந்தக் கம்பி மட்டும் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது.

நானும் கார் கற்றுக்கொள்கிறேன் என்றேன். சந்தோஷமாகச் சம்மதித்தார். பல்கலைக்கழகத்து மரநிழல் சாலைகளில் ஞாயிறுதோறும் பாடம். நான் வலது பக்கம், அவர் இடது பக்கம். முதல் நாளே அவருடைய வலது கை கியர்க் குமிழின் மேல் போய் உட்கார்ந்தது. “நீ கிளட்ச மட்டும் மிதி. கியர நான் பாத்துக்கறேன்” என்றார். நான் மிதிப்பேன், அவர் போடுவார். அடுத்த வாரமும் அப்படியே. மாதக்கணக்கில் அப்படியே. நான் கையைக் கொண்டுபோனால் அவர் கைமேல்தான் என் கை விழும். ஒருநாள், எனக்கு ஸ்கூட்டர் கியர் தெரியுமே என்று சொன்னேன். “அது வேற, இது வேற. பொம்பளைங்களுக்கு ஸ்டியரிங் வரும், கியர் வராது” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆதரவாகச் சொன்னார். அதுதான் எரிச்சல். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

ஓட்டுநர் தேர்வு உங்களுக்குத் தெரியும், மைதானத்தில் ஒரு சுற்று, முதல் கியரைத் தாண்டாது. தேறிவிட்டேன். ஆக, கையில் லைசென்ஸ் இருந்தது. என் சொந்தக் கையால் இரண்டாவது கியர் போட்டதில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு மழைக்காலத்தில் என் வீட்டுக்காரர் ஆபீஸ் மைதானத்தில் கிரிக்கெட் ஆடப்போய் வழுக்கி விழுந்து இடது முன்கை எலும்பை முறித்துக்கொண்டார். ஆறு வாரம் மாவுக்கட்டு. அவருடைய ஆபீஸ் ஏரவாடாப் பக்கம், என்னுடையது வழியில். நான் ஓட்டுகிறேன், நீங்கள் இந்தப் பக்கம் உட்காருங்கள் என்றேன். மறுத்தார். ஆட்டோவில் போங்கள் என்றேன். அதற்கும் மறுத்தார். அப்போதுதான் டீம் லீட் ஆகியிருந்தார். வாசலில் வண்டி நிறுத்த அவர் பெயரில் இடம் ஒதுக்கியிருந்தார்கள்.

“என்ற வண்டிய என்ற பொண்டாட்டி ஓட்டிட்டு வந்து என்னைய எறக்கி விட்டா, அங்க என்ன நெனைப்பாங்க?”

பிறகு ஒரு யோசனை சொன்னார். கேட்டு நீங்கள் நம்ப மாட்டீர்கள். வலது கையும் இரண்டு காலும் நன்றாக இருக்கின்றன, அதனால் அவர் ஓட்டுவாராம். இடது கை வேலையை மட்டும் இடது பக்கம் உட்கார்ந்து நான் செய்ய வேண்டும். அதாவது கியரை நான் போட வேண்டும்.

எனக்கு வராது என்று மாதக்கணக்கில் சொல்லப்பட்ட அதே வேலை.

மறுத்திருக்கலாம். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளூர ஆசையாக இருந்தது. கடைசியில் அந்தக் குமிழ் என் கைக்குள் வரப்போகிறது. போனோம். அவர் கிளட்சை மிதித்து “செகண்ட்” என்பார், நான் போடுவேன். “தேர்ட்” என்பார், போடுவேன். மூன்று நாளில் அவர் சொல்வதற்கு முன்பே இஞ்சின் சத்தத்தில் எனக்குத் தெரிந்துவிடும். அவர் இடது முழங்கால் மேலே எழும்போதே என் கை தயாராக இருக்கும். ஆனால் அவருக்கு என் கைமேல் நம்பிக்கை இல்லை. நான் போட்டு முடித்ததைக் குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் கிளட்சை விடுவார். பாதி மிதித்த நிலையிலேயே வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும். அந்த வாரங்கள் முழுக்க வண்டிக்குள் கருகல் நெடி. என் துப்பட்டாவில், அவர் மாவுக்கட்டில், எல்லாவற்றிலும் அது இருந்தது. கியர் போடுவதுதான் ஆண்மை என்றால் அந்த வண்டியில் ஆண் நான்தான் என்று ஒருநாள் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஆபீஸ் வாசல் கண்ணில் படுகிற தூரம் வந்ததும், “கைய எடுத்துக்க” என்பார். இரண்டாவது கியரிலேயே உருட்டி, ஒற்றைக் கையால் வண்டியைத் திருப்பி, தன் இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவார். உடன் வேலை செய்கிறவர்கள் சிகரெட்டோடு நின்று பார்ப்பார்கள். கை ஒடிந்தும் வண்டி ஓட்டுகிறான் பார் என்று முதுகில் தட்டுவார்கள். நான் கதவைத் திறந்து இறங்கி, துப்பட்டாவை முகத்தில் கட்டிக்கொண்டு, என் ஆபீஸுக்கு வந்த வழியே திரும்ப ஷேர் ஆட்டோ தேடி நடப்பேன். ஆமாம், என் ஆபீஸ் வழியில்தான் இருந்தது. அங்கே இறங்கிவிட்டால் அதற்கு மேல் கியர் போட ஆள் இல்லையே.

விபத்து ஒரு வியாழக்கிழமை காலை. நல்ல மழை. கட்கியில் ரயில் பாலத்துக்கு முன்னால் ஒரு சரிவு வரும். எங்களுக்கு முன்னால் கியர் இல்லாத சின்ன வண்டியில் ஒரு கல்லூரிப் பெண், மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். பள்ளத்துக்காக அவள் மெதுவாக்கினாள். என் வீட்டுக்காரர் “செகண்ட்” என்றார். நான் மூன்றிலிருந்து எடுத்துவிட்டேன், இரண்டில் விழுவதற்குள் அவர் பதற்றத்தில் கிளட்சை விட்டுவிட்டார். பற்சக்கரம் கிறீச்சிட்டது. உடனே குனிந்து என் கையைப் பார்த்தார். “என்ன பண்ற நீ” என்றார். அவர் என் கையைப் பார்த்த அந்த நேரத்தில் வண்டி எந்தக் கியரிலும் இல்லாமல் சரிவில் உருண்டது. நான் கத்தினேன். அவர் நிமிர்ந்து பிரேக்கை மிதித்தபோது நாங்கள் அவளை இடித்துவிட்டிருந்தோம்.

சாலையோரச் சேற்றில் அவள் ஒரு பக்கமாக விழுந்து கிடந்தாள். வண்டி அவள் கால்மேல். முழங்காலுக்குக் கீழே கால் இருக்கக் கூடாத விதத்தில் வளைந்திருந்தது. ஆட்கள் கூடினார்கள், வண்டியைத் தூக்கினார்கள், அவளை எங்கள் பின்சீட்டில் கிடத்தினார்கள். என் வீட்டுக்காரர் மழையில் நின்றுகொண்டிருந்தார். மாவுக்கட்டு ஊறிச் சொட்டிக்கொண்டிருந்தது. நான் வலது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். யாரிடமும் கேட்கவில்லை. முதல், இரண்டு, மூன்று. மறுபடி இரண்டு. எதுவும் கிறீச்சிடவில்லை. பின்னால் அந்தப் பெண் அம்மா அம்மா என்று மராட்டியில் அழுதுகொண்டே வந்தாள். பக்கத்தில் என் வீட்டுக்காரர் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் முதன்முதலாகக் காரை முழுசாக ஓட்டியது அப்படித்தான். அதில் சந்தோஷப்பட ஒன்றும் இல்லை.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோனபின் ஒரு போலீஸ்காரர் வந்தார். வயதானவர், நிதானமானவர். வண்டியை ஓட்டியது யார் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் இந்தியில் சொன்னார், என் மனைவிதான் ஓட்டினாள் என்று.

அவர் திட்டம் போட்டுச் சொன்னார் என்று நான் இன்றும் நினைக்கவில்லை. பயந்துவிட்டார். மாவுக்கட்டோடு ஓட்டினேன் என்றால் வழக்கு வேறு மாதிரி போகும். பயத்தில் கைக்கு எது அகப்பட்டதோ அதைப் பிடித்தார். அகப்பட்டது நான். இத்தனை நாள் அந்த வண்டியில் நான் எதுவாகவெல்லாம் இருக்கக் கூடாது என்று சொன்னாரோ, அந்த ஒரு நிமிஷத்தில் அது ஆகிவிட்டேன்.

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். “லேடீஸ் டிரைவர்” என்று தலையை ஆட்டினார். அந்த இரண்டு வார்த்தையில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

நான் சும்மா இருக்கவில்லை. எனக்கு மராட்டி தாய்மொழி மாதிரி. என் வீட்டுக்காரருக்குச் சரியாக வராது. மராட்டியில் சொன்னேன், நான் ஓட்டவில்லை, ஓட்டியவர் இவர், கை உடைந்திருப்பதால் கியர் மட்டும் நான் போட்டேன் என்று. போலீஸ்காரர் மாவுக்கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்துவிட்டார். இந்த மனுஷன் இந்தக் கையோடு ஓட்டினார், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கியர் போட்டீர்களா தாயீ, அதாவது அக்கா, என்றார். வண்டியை இங்கே ஓட்டிக்கொண்டு வந்தது நீங்கள்தானே, வாசலில் இருந்தவரும் பார்த்திருக்கிறார் என்றார். பிறகு குரலைத் தணித்து, பயப்படாதீர்கள், கணவர்மேல் பழி போட வேண்டாம், பேசி முடித்துக்கொள்ளலாம் என்றார். நான் சொன்னது உண்மை. ஆனால் அதைச் சொல்லிக் கேட்கும்போது எனக்கே அது பைத்தியக்காரத்தனமாகத்தான் இருந்தது. ஒருவருடைய பெருமை அவ்வளவு கோணலாக இருந்தால் அதன் உண்மையை எவனும் நம்ப மாட்டான்.

பெண்ணின் அம்மா வந்தாள். நனைந்த புடவை, கையில் இன்னும் பாத்திரம் தேய்த்த சாம்பல். எங்கேயோ வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள். என் வீட்டுக்காரரை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்தாள். “ஓட்டத் தெரியலன்னா எதுக்கும்மா எடுக்கறீங்க?” என்றாள் மராட்டியில். திட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அவளுக்கு நான் என்ன சொல்ல? மகள் உள்ளே வலியில் கத்திக்கொண்டிருக்கிறாள். அந்த நேரத்தில், நான் இல்லை அவர் என்று வாதாடுவது எனக்கே அசிங்கமாகப் பட்டது. நின்று கேட்டுக்கொண்டேன். என் வீட்டுக்காரர் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வழக்கு ஆகவில்லை. வைத்தியச் செலவை நாங்கள் ஏற்றுக்கொண்டோம், அவர்களும் சம்மதித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் நான் கேட்டேன்.

“ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“அந்த நேரத்துல வேற என்ன சொல்றது? கேஸ் ஆயிருந்தா என்ற வேலையே போயிருக்கும். உனக்கென்ன, யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. பொம்பளைன்னா விட்டுடுவாங்க.”

“நாளைக்கு உங்க அம்மா கேட்டா?”

 மறுநாள் மாமியார் கேட்டார். கோயம்புத்தூரிலிருந்து ஃபோன். என்னை அழைத்து, “எதுக்குங் கண்ணு இந்த வேண்டாத வேலை? அவன் ஓட்டறானில்ல” என்றார். நான் ரிசீவரை வீட்டுக்காரர் பக்கம் நீட்டினேன். அவர் வாங்கி, சரிம்மா, இனிமே ஓட்ட மாட்டா என்றார்.

அன்றைக்குத்தான் எனக்குள் ஏதோ அறுந்தது. அடுத்த திங்கட்கிழமை காலை சாவியை நான் எடுத்தேன். கீழே போய் வலது பக்கம் உட்கார்ந்துகொண்டேன். அவர் கொஞ்ச நேரம் வெளியே நின்றார். மாடியில் இரண்டு மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கண்ணாடியை இறக்கி மெதுவாகத்தான் சொன்னேன்: “வர்றதுன்னா அந்தப் பக்கம் ஏறுங்க. கியர்ல கை வெச்சீங்கன்னா அங்கயே எறக்கி விட்டுடுவேன்.”

ஏறினார். கையை மடியில் வைத்துக்கொண்டார். கட்டுப் பிரிக்கிற வரைக்கும் தினமும் அவரை ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டேன், இஞ்சினை அணைக்காமல், எல்லார் கண்ணெதிரிலும். அவர் பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. அன்று ஒருநாள் மட்டும் நான் ஓட்டியதாக அங்கேயும் சொல்லிவைத்திருந்தார், அதனால் அவருக்குப் பெருமைதான் கூடியது. ஒரு பெண்ணை இடித்துத் தள்ளின மனைவியிடம் மறுபடி வண்டியைக் கொடுத்திருக்கிறானே, எவ்வளவு பெரிய மனசு என்று பேசிக்கொண்டார்களாம். அவர்தான் வந்து என்னிடம் சொன்னார், கொஞ்சம் வெட்கத்தோடு. நான் அன்று இரவு சோறு வடிக்கவில்லை. இருவரும் பட்டினி.

அதற்குப் பிறகு நான் ஓட்டுவதை நிறுத்தவில்லை. கண்டாலா ஏற்றத்தில் ஏறியிருக்கிறேன், கோயம்புத்தூர்வரை ஓட்டிப் போயிருக்கிறேன். மாமியார் பின்சீட்டில் தூங்கியிருக்கிறார். ஆனால் அந்தக் கதை மட்டும் மாறவில்லை. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர், “அன்னைக்கு ஒரு புள்ளைய இடிச்சீங்களே” என்று தொடங்குவார்கள். என் வீட்டுக்காரர் தண்ணீர் குடிக்க எழுந்து போவார்.

சில வருஷம் முன்னால் அவருக்கு முழங்கால் வலி வந்தது. புனே நெரிசலில் கிளட்சை மிதித்து மிதித்து வலி என்றார் டாக்டர். உடனே ஆட்டோமேட்டிக் வாங்கினோம். அவர் மட்டுமில்லை, அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பாதிப் பேர் வாங்கிவிட்டார்கள். இப்போது கீழே பேச்சே வேறு. கியர் என்பது பழைய தொழில்நுட்பமாம், மனுஷனுக்கு வீண் சிரமமாம். எங்களுக்குக் கடினம் என்று அவர்கள் முடிவு செய்தபோது அது எங்கள் குறை. அவர்களுக்கே வலித்தபோது அது வண்டியின் குறை. போன வருஷம் மகளின் ஆபீஸ் நண்பர்கள் சாப்பிட வந்திருந்தார்கள். எங்கள் மகள் தமிழைத் தடவித் தடவித்தான் பேசுவாள், கிளட்ச் என்றால் என்னவென்று தெரியாது. அவர்களுக்குப் பழைய கதை சொல்கிறேன் என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். உங்க ஆண்ட்டி கியரைத் தப்பாகப் போட்டு ஒரு பெண்ணை இடித்த கதை. சிரித்துக்கொண்டே சொன்னார். நான் அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தேன். பொய் சொல்கிற முகம் இல்லை அது. அவருக்கு உண்மையிலேயே மறந்துபோய்விட்டது. சொல்லிச் சொல்லி அதுவே நடந்ததாகிவிட்டது. அவர்கள் போனபின் நான் கேட்டபோது, “நீதான ஓட்டுன?” என்றார் திகைப்பாக. ஒரு மனுஷனிடம் அவன் மறந்துவிட்ட ஒன்றுக்காக எப்படிச் சண்டை போடுவது?

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்தப் பெண்ணின் பெயர் அஸ்வினி. கால் சேர ஐந்து மாதம் ஆயிற்று. கட்கியில் ரயில் பாதையை ஒட்டி வரிசையாக இருந்த தகரக்கூரை வீடுகளில் ஒன்றில் இருந்தாள். நான் பழம் வாங்கிக்கொண்டு அடிக்கடி போவேன். அவள் அம்மா முதலில் முகம் கொடுக்கவில்லை, அப்புறம் டீ போட்டுத் தந்தாள். ஒருநாள் அம்மா வெளியே தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது அஸ்வினி என்னிடம் சாதாரணமாகக் கேட்டாள், அன்றைக்கு ஓட்டினது காகாதானே, அதாவது என் வீட்டுக்காரர்தானே, என்று.

 உனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

“கண்ணாடியில பாத்தேன். அவர் குனிஞ்சு கீழ எதையோ பாத்துக்கிட்டிருந்தார். ஹாரன் அடிச்சேன், நிமிரல.”

“அப்ப ஏன் சொல்லல? போலீஸ் வந்தாரே, உங்கம்மா வந்தாங்களே.”

அவள் கட்டுப் போட்ட காலைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டாள். “என்கிட்ட யாரும் கேக்கலையே” என்றாள்.

உண்மைதான். இடிபட்டவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. யார் ஓட்டினார்கள் என்பது எல்லாருக்கும் கேட்காமலே தெரிந்திருந்தது.

போன வருஷம் மகளின் நண்பர்கள் வந்துபோன அந்த விருந்துக்கு மறுநாள் நான் கட்கிக்குப் போனேன். அவளைப் பார்த்து என்ன கேட்கப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. அந்த வீட்டு வரிசையே இல்லை. சாலையை அகலப்படுத்தி, நடுவில் தூண்கள் எழுப்பி, மேலே மெட்ரோ ஓடுகிறது. அந்தச் சரிவைக்கூட நிரவிவிட்டார்கள். வடாபாவ் கடைக்காரரிடம் விசாரித்தேன். இங்கே இருந்தவர்களையெல்லாம் எங்கெங்கோ அனுப்பிவிட்டார்கள் தாயீ, யார் எங்கே என்று யாருக்குத் தெரியும் என்றார். அவளுக்கு இப்போது நாற்பதுக்குமேல் இருக்கும். கால் வலியில்லாமல் நடக்கிறாளா, எதை ஓட்டுகிறாள், ஒன்றும் தெரியாது. அன்று காலை அந்த வண்டியை ஓட்டியது யார் என்று தெரிந்தவர்கள் மூன்றே பேர். ஒருவர் மறந்துவிட்டார். ஒருத்தி எங்கே என்று தெரியவில்லை. மூன்றாவது ஆள் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறாள்.